கிளீனரும் ஒரு தார்ப்பாய்க் கயிறும்

பக்கத்து வீட்டு செங்கோட்டுவேல் அண்ணன் போய்விட்டார்.

முந்தாநாள் காலை வாக்கிங் முடித்துவந்து வாசல் சேரில் உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை. ஹார்ட் என்றார்கள்.

அன்றைக்கு அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய குட் மார்னிங் ரோஜாவை நான் இன்னும் திறந்துகூடப் பார்க்கவில்லை...

அழுகை வரவில்லை. குக்கர் விசிலை எண்ண மறந்து சாதம் குழைந்துபோனது. அதையே சாப்பிட்டேன்.

எங்களுடையது சேலத்துக்கு வெளியே, ரிட்டயர் ஆனவர்களுக்கான காலனி. அண்ணன் திருச்செங்கோட்டுக்காரர். பாதி ஆயுசு லாரி ஓட்டியவர். மனைவி தவறிய பிறகு பையன் இங்கே வீடு பார்த்துக் கொடுத்தான். கூடவே ஒரு நாட்டு நாயும் வந்தது. பேர் கிளீனர்.

"டிரைவர் இருந்தா கிளீனர் ஒருத்தன் வேணுமில்லீங்க அம்மிணி?" என்பார்.

நான் அஸ்தம்பட்டியில் ஒரு கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டிருந்தவள். எத்தனையோ உடைந்த எலும்பைப் பார்த்தாயிற்று. நாயைக் கண்டால் மட்டும் குலைநடுக்கம்.

இங்கே வேலி கிடையாது, காம்பவுண்டு கிடையாது. எல்லா வீட்டுக்கும் ஒரே புல்தரை. பிரோஷரில் அதைத்தான் பெருமையாகப் போட்டிருந்தார்கள். நாய் பிரோஷர் படிக்குமா?

வந்த மூன்றாம் நாளே என் சமையலறைக்குள் புகுந்து, ஆற வைத்திருந்த போளியில் பாதியைத் தின்றுவிட்டான். நான் டைனிங் டேபிள்மேல் ஏறி நின்று கத்தினேன். அறுபத்தாறு வயதில்!

அன்றைக்கே அசோசியேஷனுக்கு ஒரு லெட்டர் எழுதினேன். இந்த நாயை வெளியே அனுப்புங்கள் என்று.

அண்ணன் சண்டைக்கு வரவில்லை. மறுநாள் லாரியில் லோடு கட்டுகிற பழைய தார்ப்பாய்க் கயிற்றைக் கொண்டுவந்து, தன் வீட்டைச் சுற்றிப் புல்மேல் போட்டார். கட்டவில்லை. சும்மா தரையில்.

"ஏனுங்கண்ணா, இதுக்கெல்லாம் நாய் கட்டுப்படுமா?" என்று கேட்டேன்.

"செக்போஸ்ட்டுன்னா நிக்கோணும் அம்மிணி. சொல்லிக் குடுத்தா நிப்பானுங்க."

பத்து நாள் கயிற்றோரம் சேர் போட்டு உட்கார்ந்திருந்தார். கிளீனர் கயிற்றை மோந்தாலே "ஹோல்டான்!" என்பார். வாக்கிங் கிளம்பும்போது மட்டும் "போலாம் ரைட்!" அதைக் கேட்டால்தான் அவன் தாண்டுவான். புல் வெட்டும்போது கயிறு ஒரு முழம் நகர்ந்தால் அவனும் ஒரு முழம் நகர்ந்து நிற்பான்.

தினமும் ஆறு மணிக்கு என் ஜன்னலில் "போலாம் ரைட்" கேட்கும். நான் அலாரம் வைப்பதையே விட்டுவிட்டேன்.

போன மழைக்காலத்தில் எனக்கு நல்ல காய்ச்சல். கயிற்றுக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டு கஞ்சித் தூக்கை நீட்டினார்.

"உள்ள வாங்கண்ணா" என்றேன்.

"கிளீனர் பாத்துட்டு இருக்கானுங்க அம்மிணி. ரைட் சொல்லாம நானே தாண்டுனா நாளைக்கு அவன் எம்பேச்சக் கேப்பானுங்களா?"

நான்தான் போர்வையைச் சுற்றிக்கொண்டு நடந்துபோய் வாங்கினேன். திட்டிக்கொண்டே வாங்கினேன்.

அந்த லெட்டரை வாபஸ் வாங்க வேண்டும் என்று பலமுறை நினைத்ததுண்டு. வாங்கவில்லை. சோம்பேறித்தனம்தான், வேறென்ன.

முந்தாநாள் அவரை ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். கிளீனர் பின்னாலேயே ஓடிவந்தான். கயிறு வந்ததும் நின்றான். அவனுக்கு ரைட் சொல்ல ஆளில்லை.

நேற்றுக் காலை தகனம். மாலையில் நாய்க் காப்பகத்து வேன் வந்தது. பையனுக்கு பெங்களூரில் ஃபிளாட், அங்கே நாய் வைக்க முடியாது. செக்ரட்டரி ஃபைலைத் திறந்து, "ஏற்கெனவே இது மேல கம்ப்ளெயின்ட் வேற இருக்குதுங்க" என்றார். என் கையெழுத்து. தூரத்திலிருந்தே தெரிந்தது.

பிஸ்கட் காட்டினார்கள், இழுத்தார்கள். அவன் கயிற்றோரம் தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டான்.

பையன் என்னிடம் வந்தான். "ஆன்ட்டி, அப்பா என்னமோ சொல்லித்தான் இவனைக் கூட்டிட்டுப் போவாருங்க. உங்களுக்குத் தெரியுங்களா?"

"தெரியலையேப்பா" என்றேன்.

பக்கத்து வீட்டில் இருந்துகொண்டு... அப்பாவை எரித்துவிட்டு வந்த பிள்ளையிடம் பொய் சொன்னேன். பாவம், அவனுக்கும் இழுக்க மனசு வரவில்லை. நாளைக்குப் பார்க்கலாம் என்று வேனைத் திருப்பி அனுப்பிவிட்டான்.

இன்று காலை ஆபீஸ் திறந்ததும் போனேன். பழைய லெட்டரை வாங்கிக் கிழித்தேன். நாயை நான் வைத்துக்கொள்கிறேன் என்று புதிதாக ஒன்று எழுதிக் கொடுத்தேன். பையனிடமும் சொன்னேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

பிறகு கயிற்றை எடுத்து என் வீட்டுப் பக்கமாகத் தள்ளித் தள்ளிப் போட்டேன். முழு வீட்டுக்கும் எட்டவில்லை. சமையலறைப் படிவரைக்கும்தான் வந்தது.

கிளீனர் கயிற்றை மோந்துகொண்டே கூட வந்தான். இப்போது அந்தப் படியில்தான் படுத்திருக்கிறான். எனக்கு இன்னும் பயம் போகவில்லை, காலைத் தூக்கி சேர்மேல் வைத்துக்கொண்டுதான் இதை டைப் செய்கிறேன்.

வாய்விட்டுச் சொன்னால் இவன் எழுந்து உங்களைத் தேடி ஓடிவிடுவான் அண்ணா. அதனால் இங்கே எழுத மட்டும் செய்கிறேன்...

போலாம் ரைட்.