பவுனு வெளியே நின்ற பதினெட்டு நிமிஷம்

டெல்லி துவாரகாவில் பிளவுஸ் தைக்கிற பவுனுக்கு வயது நாற்பத்தேழு. நாசரேத் பக்கத்துக்காரி. புருஷன் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. வாய் மட்டும் அப்படியே இருக்கிறது. போன பங்குனியில் எங்கள் சின்னத் தமிழ்ச் சபை அவளைக் கன்சிஸ்டரிக்குத் தேர்ந்தெடுத்தது. பெண்களில் அவள்தான் முதல்.

"அப்படின்னா என்ன பாஸ்டர் ஐயா?" என்றாள்.

பாஸ்டர் விளக்கினார். பழைய லத்தீன் வார்த்தை, கூடி நிற்கிற இடம் என்று பொருள். ரோமாபுரிச் சக்கரவர்த்தி உட்கார்ந்திருக்க, ஆலோசனை சொல்பவர்கள் நின்றுகொண்டே சொல்வார்களாம். பிறகு கத்தோலிக்கரிடம் போப்பும் கார்டினல்களும் கூடும் சபைக்கு அந்தப் பேர் வந்தது. இங்கிலாந்தில் பிஷப்பின் கோர்ட்டுக்கு. நம்மிடம் பாஸ்டரும் நாலு மூப்பர்களும். சபையை நடத்துவதும் அவர்கள்தான், தப்பை விசாரிப்பதும் அவர்கள்தான்.

"பஞ்சாயத்துன்னு சொன்னா முடிஞ்சு போச்சு," என்றாள் பவுனு.

அதில் ஒரு வழக்கம் உண்டு. அப்பமும் ரசமும் பகிர்கிற திருவிருந்துக்கு முந்தின வாரம் மூப்பர்கள் ஒவ்வொருவராக வெளியே போக வேண்டும். அவரிடம் குறை உண்டா என்று மற்றவர்கள் பேசி, கூப்பிட்டு முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். குறை பெரிதென்றால் பதவி போய்விடும். ஆண்கள் மட்டும் இருந்த காலத்தில் இது காலாற நடக்கிற நேரம். இரண்டே நிமிஷம். "ஒண்ணுமில்ல, வாரும்."

பவுனு முதல் தடவையாக வெளியே வந்தாள். ஹால் சாவி என் பொறுப்பு என்பதால் நானும் படிக்கட்டில் இருந்தேன். ஐந்து நிமிஷம் ஆயிற்று. பத்து ஆயிற்று.

"என்ன அண்ணே, உள்ள தூங்கிட்டாங்களா?" என்று சிரித்தாள். கை மட்டும் சேலை நுனியைச் சுருட்டிக்கொண்டே இருந்தது.

விஷயம் எனக்குத் தெரியும். சனிக்கிழமைதோறும் மெட்ரோ வாசலில் கலியனோடு டீ குடிக்கிறாள். கலியன் ஏர்போர்ட் கேன்டீன் சமையல்காரன், பெண்டாட்டியை இழந்தவன், திருநீறு பூசுகிறவன். நான் நாலே நாலு பேரிடம்தான் சொன்னேன்.

பதினெட்டாவது நிமிஷம் கதவு திறந்தது. உள்ளே போனாள். பாஸ்டர் தொண்டையைச் செருமினார். "சாமிதாஸ் ஐயா ஒரு காரியம் சொல்லுதாரு..."

"டீதானே? ஆமா, குடிக்கேன். வார சனிக்கிழமையும் குடிப்பேன். அந்த மனுசன்கிட்ட பேசுன அன்னைக்குத்தான் எனக்குத் தூக்கம் வருது. அதுக்காக என்னை எடுக்கணும்னா எடுத்துருங்க. ஒளிஞ்சு குடிக்க மாட்டேன்."

"அத அப்புறம் எழுதிக்கிடுவோம்," என்றார் பாஸ்டர். அடுத்த முறை சாமிதாஸுடையது. ரிட்டயரான சர்க்கார் சூப்பரிண்டெண்ட், வரிசை தப்ப மாட்டார். வெளியே வந்து என் பக்கத்தில் நின்றார். மெல்லிசுக் கதவு, எல்லாம் கேட்டது.

"குறை இருக்கா?" பாஸ்டர் குரல்.

"இருக்கு," என்றாள் பவுனு. சாமிதாஸ் கண்ணை மூடிக்கொண்டார். "அண்ணாச்சி வீட்டு அக்கா செத்து அஞ்சு மாசமாச்சு. அண்ணாச்சி கழுத்து சட்டைக் காலருக்குள்ள ஆடுது. ரொட்டியும் பாலும்தான் சாப்பாடு. இத்தனை பேரு இருக்கோம், ஒருத்தராவது எட்டிப் பாத்தோமா? குறை நம்ம மேல. சனிக்கிழமை நான் சோறு கொண்டுபோறேன், எழுதிக்கிடுங்க."

கூப்பிடும் முன்பே சாமிதாஸ் உள்ளே போய்விட்டார்.

"பாஸ்டர், பவுனு பேருக்கு நேரா குறை இல்லன்னு எழுதுங்க." மூக்கை உறிஞ்சினார். "ஏ பிள்ள, சனிக்கிழமை தனியா வராத. அதுக்கும் பேசுவானுவ. அந்தக் கலியனையும் கூட்டிட்டு வா. மீன் குழம்பு வைப்பானா?"

"மீனெல்லாம் தொட மாட்டாரு அண்ணாச்சி. வத்தக்குழம்பு வைப்பாரு."

"அச்சா," என்றார் சாமிதாஸ். "அது போதும்."