அண்ணன் கேட்டுவிட்டுப் போன கூட்டம்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அண்ணனைப் பற்றி எழுத என்னைவிடப் படித்தவர்கள் குடும்பத்தில் இருக்கிறார்கள். நான் ஒன்பதாவதோடு பள்ளியை விட்டவன். ஆனால் அண்ணி, "கடைசி வரைக்கும் வயல்ல கூட இருந்தது நீங்கதான் தம்பி, நீங்களே எழுதுங்க" என்று சொல்லிவிட்டார். தெரிந்ததை எழுதுகிறேன்.

அண்ணன் தாராபுரம் பக்கம் ஒரு சிற்றூரில் பிறந்தார். அப்பா சீக்கிரமே போய்விட்டார். அம்மா நூல் மில்லுக்குப் போய் எங்கள் இருவரையும் வளர்த்தார். அண்ணன் உதவித்தொகையில் பொறியியல் படித்து நியூ ஜெர்சியில் ஒரு ரசாயன ஆலைக்கு வந்து சேர்ந்தார். நான் லாரி, கப்பல் சமையல்கட்டு, டெக்சாஸில் பெட்ரோல் பங்க், மில்பிடாஸில் ஒரு மோட்டல் என்று அலைந்துகொண்டிருந்தேன். எந்த ஊரிலிருந்து கூப்பிட்டாலும் அண்ணன் முதலில் கேட்பது, "சாப்பிட்டயா?" அடுத்தது, "அங்க எத்தன நாளைக்கு?"

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஆலை ஆட்குறைப்பு செய்தபோது அண்ணனுக்கு வேலை போனது. மற்றவர்கள் கம்ப்யூட்டர் படிக்கப் போனார்கள். அண்ணன் வெஸ்ட் வின்ட்சரைத் தாண்டி, ஃபிராங்க் என்ற முதியவரிடம் கொஞ்சம் நிலம் குத்தகைக்குப் பிடித்தார். "மண்ணைக் கிண்டறதுக்கா அமெரிக்கா வந்தோம்?" என்று அண்ணி ஒரு மாதம் பேசவில்லை. பிறகு அவரே நாற்றுவிட வந்துவிட்டார். அவர்களுக்குக் குழந்தை இல்லை.

நம் காய்கறியை நம் ஆட்களே விளைய வைக்க வேண்டும் என்பது அண்ணனின் திட்டம். சனிக்கிழமை காலையில் குடும்பமாக வந்து வேலை செய்தால், போகும்போது கூடை நிறையக் காய். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு வரிசை. அதற்குக் களையெடுப்பதும் தண்ணீர் விடுவதும் அவர்கள் பொறுப்பு. ஆனால் தன் வரிசையில் தான் பறிக்கக் கூடாது. அடுத்தவர் வரிசையில்தான் பறிக்க வேண்டும்.

"இதென்ன சார் ரூலு? நான் வளர்த்த கத்திரிக்காயை நான் சாப்பிடக் கூடாதா?" என்று கேட்டவர் பாலு. கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்.

"உன்னுத நீயே பறிச்சா, பக்கத்து வரிசை காஞ்சு கெடந்தாலும் திரும்பிப் பாக்க மாட்டே. போ, சுமதி வரிசையில பறி."

"அவங்க வெண்டைக்காய் முத்திப்போச்சு சார்."

"அப்ப அந்தப் புள்ளகிட்டச் சொல்லு. சண்டை போடு. அதுக்குத்தான் ரூலு."

அப்படித்தான் ஒரே அபார்ட்மெண்டில் குடியிருந்து முகம் தெரியாதவர்கள் வயலில் சண்டை போட்டுப் பழகினார்கள்.

வெள்ளைக்காரர்கள் சேர்ந்தது வேறு கதை. முதல் வருடம் தண்டுக்கீரை அழகாக வந்திருந்தது. ஒரு காலை போனால் பாத்தி மொட்டையாக இருக்கிறது. ஃபிராங்க் டிராக்டரிலிருந்து இறங்கி, களையை வெட்டி உங்களுக்கு ஒரு நாள் வேலையை மிச்சப்படுத்திவிட்டேன் என்று பெருமையாகச் சொன்னார். அவர் ஆயுசெல்லாம் விஷம் அடித்துக் கொன்ற செடிக்கு நெருங்கிய சொந்தம் அது. அண்ணன் கோபப்படவில்லை. வெட்டிப்போட்டதைப் பொறுக்கி, அண்ணியைக் கடையச் சொல்லி, ஒரு கிண்ணம் அவர் வீட்டுக்கு அனுப்பினார். அடுத்த வருடம் ஃபிராங்கும் ஒரு வரிசை கேட்டார். அவர் பின்னால் அக்கம்பக்கத்துக்காரர்களும் வந்தார்கள்.

நான் கடைசியாக வந்து சேர்ந்தேன். ஒரு வாரம் இருக்கலாம் என்று வந்தவன் போகவில்லை. சனிக்கிழமை வந்தால் அண்ணன் வயலின் வாசலில் நின்றுகொண்டு ஒவ்வொரு குடும்பமாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். மைக் தேவைப்படாத குரல். கூப்பிட்ட பிறகுதான் வரிசைக்குள் இறங்குவார்கள்.

போன வருடம் இரண்டு விஷயங்கள் ஒன்றாக வந்தன. அண்ணன் வயிற்றில் புற்றுநோய் என்று தெரிந்தது. ஃபிராங்கின் நிலத்தை வீடு கட்டுகிற கம்பெனி ஒன்று கேட்டது. ஃபிராங்குக்கு விற்க மனமில்லை, ஆனால் வயதாகிவிட்டது. அந்த நிலத்தில் வீடு கட்டும் உரிமையை மட்டும் டவுன்ஷிப் என்கிற ஊர் நிர்வாகம் விலைக்கு வாங்கிக்கொண்டால், ஃபிராங்குக்கும் பணம் கிடைக்கும், நிலமும் என்றைக்கும் விவசாய நிலமாகவே இருக்கும். அப்படி ஒரு வழி இருந்தது. இந்த வயல் உள்ளூர்க்காரர்களுக்குப் பயன்படுகிறதா என்று டவுன்ஷிப் கூட்டத்தில் கேட்பார்கள். பயன்படுத்துகிறவர்கள் மைக் முன்னால் வந்து பெயரும் விலாசமும் சொல்லிப் பேச வேண்டும்.

அண்ணன் படுக்கையிலிருந்தே எல்லோருக்கும் போன் செய்தார். எல்லோரும் வருகிறோம் என்றார்கள்.

கூட்டத்துக்கு முந்தின வாரம் ஒரு பிறந்தநாள் விருந்தில் யாரோ ஒரு பேச்சைப் போட்டார்கள். கணவன் விசாவில் வந்த பெண்கள் வேலை செய்யக் கூடாது. களையெடுத்துக் காய் வாங்கினால் அதுவும் கூலிதான். மைக்கில் பெயர் சொன்னால் ரெக்கார்டில் ஏறும். க்ரீன் கார்டு போய்விடும். இரண்டே நாளில் இந்தப் பேச்சு எல்லா வீட்டுக்கும் பரவிவிட்டது. எது சட்டம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. விசா பயம் எனக்குத் தெரியும். அந்தப் பயத்தோடு நான் பல ஊர் மாறியிருக்கிறேன். அதனால் இதை யாரையும் குறை சொல்ல எழுதவில்லை.

கூட்டத்துக்கு நான் போனேன். அண்ணி அண்ணனோடு வீட்டில் இருந்தார். ஃபிராங்க் கோட்டு போட்டு வந்திருந்தார். அவருடைய பக்கத்து வீட்டுக்காரர்கள் சிலர் வந்திருந்தார்கள். நம் ஆட்களுக்கென்று நான் நாற்காலிகளில் துண்டும் தொப்பியும் போட்டு இடம் பிடித்து வைத்தேன். என் முறை வந்தது. பெயர், விலாசம் சொன்னேன். "குட் ஃபார்ம், மெனி ஃபேமிலீஸ்" என்றேன். அந்தக் குடும்பங்கள் எங்கே என்று தலைவர் மரியாதையாகத்தான் கேட்டார். நான் திரும்பிப் பார்த்தேன். துண்டு கிடந்த நாற்காலிகளை அவரும் பார்த்தார். இன்னொரு கூட்டம் வைத்து முடிவு செய்கிறோம் என்று தள்ளிவைத்தார்கள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அண்ணி என் முகத்தைப் பார்த்தார். இல்லை என்று நான் தலையை மட்டும் ஆட்டினேன். உள்ளேயிருந்து அண்ணன், "வந்தாங்களா?" என்றார்.

அண்ணி என்னைத் தாண்டி உள்ளே போனார். "எல்லாரும் வந்திருந்தாங்களாமா. உக்கார எடமில்லையாமா" என்றார்.

"பாலு?"

"பாலு வழக்கம்போல நீட்டி மொழக்கிட்டானாமா. மைக்கைப் புடுங்கித்தான் உக்கார வெச்சாங்களாம்."

அண்ணன் சிரித்தார். அதற்கே அவருக்கு மூச்சு வாங்கியது. "சுமதி பேசுச்சா?"

"பேசுச்சுங்க. 'நான் வெண்டைக்காய்க்கு வரலைங்க, இந்த ஊருல எம்பேரைச் சொல்லிக் கூப்புடறது இந்த வயலு ஒண்ணுதான்'னு சொல்லுச்சாமா."

"இங்கிலீஷ்லயா?"

"பின்ன? இங்கிலீஷ்லதான்."

"பரவால்லயே அந்தப் புள்ள" என்றார் அண்ணன்.

அப்புறம் ஒவ்வொரு குடும்பமாகக் கேட்டார். சனிக்கிழமை வாசலில் நின்று கூப்பிடும் அதே வரிசையில். யாரையும் விடவில்லை. அண்ணி ஒவ்வொருவருக்கும் ஒரு பேச்சு சொன்னார். தயங்கவே இல்லை. நான் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில், அந்தக் கூட்டத்தில்தான் நானும் இருந்தேனோ என்று எனக்கே தோன்றியது. அந்த வாரக் கடைசியில் அண்ணன் இறந்தார்.

இறுதிச் சடங்குக்கு நீங்கள் எல்லோரும் வந்தீர்கள். கார்கள் தெருவுக்கு வெளியே நின்றன.

இந்த வருடமும் விதைத்தோம். சனிக்கிழமை வருகிறவர்கள் காரிலிருந்து இறங்கி அங்கேயே நிற்கிறார்கள். கொஞ்ச நேரம் கழித்து ஒருவர் வரிசைக்குள் போனதும் மற்றவர்களும் போகிறார்கள். நான் கூப்பிட்டுப் பார்த்தேன். என் குரலுக்கு யாரும் அசையவில்லை. எனக்கும் அது பிடிக்கவில்லை, விட்டுவிட்டேன். அண்ணி சாயங்காலங்களில் சமையல்கட்டிலிருந்து திடீரென்று, "வந்தாங்க, வந்தாங்க" என்கிறார். யாரிடம் அண்ணி என்று நான் கேட்பதில்லை.

சுமதியிடம் ஒரு நாள், அவர் பேசியதாக அண்ணன் கேட்டதைச் சொன்னேன். இந்தக் கட்டுரையில் அவர் பெயரைப் போட அனுமதியும் கேட்டேன். சுமதி பிடுங்கிய களையைக் கீழே போட்டார். "நான் அப்படியாண்ணா சொன்னேன்?" என்றார். பிறகு, "பேரைப் போடுங்க" என்றார். பாலுவும் சம்மதித்தார்.

அண்ணனை மருத்துவமனைக்குக் கூட்டிப் போய்வந்த நண்பர்களுக்கும், சமைத்துக் கொண்டுவந்த சகோதரிகளுக்கும், குத்தகைப் பணம் கேட்காமல் இந்த ஒரு வருடம் நிலத்தை விட்டுவைத்த ஃபிராங்குக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அன்று கூட்டத்துக்கு வந்தவர்களுக்கு நன்றி. வராதவர்களுக்கும் நன்றி சொல்லச் சொன்னார் அண்ணி. அண்ணனைப் பொறுத்தவரை வராதவர்கள் என்று யாரும் இல்லை.

அடுத்த கூட்டம் விரைவில் இருக்கும் என்று டவுன்ஷிப்பிலிருந்து சொல்லியிருக்கிறார்கள். இது ஒன்றுதான் மிச்சம். இதற்குமேல் தள்ளிவைக்க மாட்டார்கள். வருவதும் வராததும் உங்கள் விருப்பம். வந்தால், என்ன பேசுவது என்று யாரும் யோசிக்க வேண்டியதில்லை. நீங்கள் ஒவ்வொருவரும் என்ன பேசினீர்கள் என்பது அண்ணிக்கு நினைவிருக்கிறது. கேட்டால் சொல்வார்.