தூக்க வேண்டாம்

எதிரில் நிற்பவர் பேச வாயைத் திறந்ததும் பல்லக்காவின் பார்வை நேராகப் பல்லுக்குப் போய்விடும். ரயில் நிலைய வாசலில் மஞ்சள் சட்டை போட்ட ஊழியர், "அக்கா, இன்னிலேர்ந்து ரயில் கிடையாது, பஸ்தான்" என்று சொன்னபோதும் அதேதான் நடந்தது. "தூக்கத்துல பல்லக் கடிக்கிறியாப்பா? முன்னாடி ரெண்டும் தேஞ்சு கெடக்கே" என்றார். ஊழியர் சட்டென்று உதட்டை மூடிக்கொண்டார். மிச்சத் தகவலைக் கையால்தான் காட்டினார்.

பல்லக்கா என்பது தினமும் அந்த ரயிலில் போய்வருகிறவர்கள் வைத்த பெயர். பல் மருத்துவமனை ஒன்றின் பின்னறையில் பல்செட் செய்வது வேலை. அறை முழுக்க வெள்ளைத் தூளும் மெழுகு வாசனையும்தான். மேஜையில் ஊர்பேர் தெரியாதவர்களின் வாய்கள் அச்சு அச்சாக வரிசையில் இருக்கும். பளபளவென்று வேண்டும் என்று கேட்டு வருகிறவர்களை அவருக்குப் பிடிக்காது. "சுவத்துக்கு அடிக்கிற வெள்ளையெல்லாம் வாய்க்கு எதுக்குங்க? நீங்க சிரிச்சா நாலு பேரு நம்ப வேணாமா?" என்று கேட்டுவிட்டு, லேசாகப் பழுப்பேறிய நிறத்தையே எடுப்பார்.

முடியாத வேலையை வீட்டுக்கும் எடுத்துப் போவார். சமையலறைத் தம்ளர்களில் தண்ணீருக்குள் பல்செட்டுகள் சிரித்துக்கொண்டிருக்கும். அதனாலேயே அந்த வீட்டுக்கு வருகிற உறவுக்காரர்கள் தாகம் எடுத்தாலும் தண்ணீர் கேட்பதில்லை. வீட்டுக்காரர் ஒரு மாணவர் விடுதியில் சமையல்காரர். இருநூறு பேருக்கு ஆக்கிப்போடும் மனிதர், தன் வீட்டில் ஒரு தம்ளரை எடுக்குமுன் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொள்வார்.

சின்ன வயதில் வந்த காய்ச்சலில் கால்கள் விளங்காமல் போனதிலிருந்து பல்லக்காவுக்குச் சக்கர நாற்காலிதான். ரயிலில் அது ஒரு விஷயமே இல்லை. நடைமேடையும் பெட்டியும் ஒரே மட்டம்; கைகளால் ஒரு தள்ளு, உள்ளே போய்விடுவார். தண்டவாளத்தை மாற்றப்போகிறோம், ஒரு மாதத்துக்கு ரயிலுக்குப் பதில் பஸ் என்று அறிவித்தபோதுதான் சிக்கல் வந்தது. வந்து நின்ற பஸ்ஸுக்கு மூன்று படி. மூன்றும் முழங்கால் உயரம்.

முதல் நாள் தூக்கித்தான் ஏற்றினார்கள். கேட்டுத் தூக்கவில்லை. 'பிடி, பிடி' என்று யாரோ சொல்ல, அக்குளில் ஒரு கை, தொடையில் ஒரு கை, முதுகில் யாருடையது என்றே தெரியாத இன்னொரு கை. ஒரு செருப்பு தெருவிலேயே போயிற்று. நாற்காலியைச் சாமான் வைக்கும் இடத்தில் திணித்ததில் ஒரு சக்கரம் கோணிக்கொண்டது. எல்லாரும் நல்ல மனதோடுதான் செய்தார்கள். இறங்கும்போது அவர் ஒவ்வொருவருக்கும் நன்றி சொல்ல வேண்டியிருந்தது.

அன்றைக்கு வேலை முடிந்து திரும்பும்போது நிலையத் தூணில் ரயில்வே ஒட்டியிருந்த அறிவிப்பைக் கடைசி வரி வரைக்கும் படித்தார். பஸ்ஸில் ஏற இயலாத பயணிகளுக்குச் சரிவுப் பலகை வைத்த தனி வண்டி கட்டணமின்றித் தரப்படும் என்று கடைசி வரியில் இருந்தது.

மறுநாள் காலை மஞ்சள் சட்டை ஊழியரிடம் அந்த வண்டியைக் கேட்டார்.

"அதுக்கெல்லாம் முந்தின நாளே சொல்லியிருக்கணும்கா."

"அப்படி எங்கப்பா போட்டிருக்கு?"

"போடல. ஆனா வழக்கம் அப்படி." ஊழியர் பஸ்ஸைத் திரும்பிப் பார்த்தார். "எதுக்குக்கா வம்பு? நாலு பேரு பிடிச்சா ஒரு நிமிஷம். தூக்கி வச்சிரலாம்."

"நாலு பேரு தூக்குறதுக்கு இன்னும் காலம் இருக்குப்பா. அதுக்குள்ள என்ன அவசரம்?"

பஸ்ஸுக்குள் சிலர் சிரித்துவிட்டார்கள். சன்னலோரம் உட்கார்ந்திருந்த காப்பீட்டு முகவர் சிரிக்கவில்லை. தலையை வெளியே நீட்டி, "ஒரு ஆளுக்காக அம்பது பேரு காத்துக் கெடக்கணுமா? எங்களுக்கும் வேலை வெட்டி இருக்கும்மா" என்றார்.

"உங்கள யாரு சார் காக்கச் சொன்னது? தாராளமாப் போங்க. எனக்குன்னு எழுதிப் போட்ட வண்டியத்தான் நான் கேக்குறேன்."

சொல்லிவிட்டாரே தவிர, அவர் மடியில் ஒரு டப்பா இருந்தது. அதற்குள் ஒரு பள்ளி ஆசிரியருக்கான மேல்வரிசை முன்பற்கள். கீழே விழுந்து முன்பற்களை உடைத்துக்கொண்ட அந்த மனிதர், பிள்ளைகள் சிரிப்பார்கள் என்று இரண்டு வாரமாக வகுப்புப் பக்கம் போகவில்லை. அன்று காலை பல்லை மாட்டிக்கொண்டு மதியம் பாடம் எடுப்பதாக ஏற்பாடு. மருத்துவமனையில் இந்நேரம் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

வீட்டுக்காரருக்குப் போன் போட்டார். அவர் அண்டாவுக்கும் கரண்டிக்கும் நடுவிலிருந்து கத்தினார். "இன்னிக்கு ஒரு நாளு விட்டுக்குடுத்தாத்தான் என்னடி? அந்த வாத்தியாரு பாவம்."

"நேத்து விட்டுக்குடுத்தேங்க. ஒரு செருப்பு போச்சு."

"சரி, சாப்பாட்டையாவது நேரத்துக்குச் சாப்பிடு" என்று போனை வைத்துவிட்டார்.

பஸ்ஸின் படியில் நின்றிருந்த பெண்ணைப் பல்லக்காவுக்குத் தெரியும். அதே மருத்துவமனையில் தரை துடைப்பவர். டப்பாவை அவரிடம் நீட்டினார். "இத டாக்டர் கையில குடுத்துரும்மா. வழியில திறந்து கிறந்து பாக்காத, பயந்துருவ."

பற்கள் பஸ் ஏறின. செய்தவர் நடைபாதையிலேயே இருந்தார். பஸ் திருப்பத்தில் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது கண் கலங்கியதா என்று கேட்டால், "வெயிலு கூசுச்சு" என்பார்.

வெகு நேரம் கழித்து ஒரு வண்டி வந்தது. சாதாரணக் கார். ஓட்டுநர் கதவைத் திறந்துவிட்டு, "தூக்கிரவாம்மா?" என்று கேட்டார். பல்லக்கா அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார். ஊழியர் மறுபடி போனும் கையுமாக அலைந்தார். அதற்குள் மருத்துவமனையிலிருந்து ஆசிரியரே கூப்பிட்டார்.

"மாட்டியாச்சும்மா. நல்லாருக்கு."

"'ச' வர்ற மாதிரி ஏதாவது சொல்லுங்க சார்."

"என்ன சொல்றது? சொல்லச் சொன்னா எதுவும் சட்டுனு..."

"விசிலடிக்குது. வந்து சரி பண்ணித் தர்றேன். அது வரைக்கும் கழட்டிராதீங்க. பசங்க முன்னால மெதுவாப் பேசுங்க, தெரியாது."

மதியத்துக்குமேல்தான் சரிவுப் பலகை வைத்த வண்டி வந்தது. ஊழியருக்குத் தொண்டை கட்டிப்போயிருந்தது. பல்லக்கா ஏறுமுன் சொன்னார்: "நாளைக்கும் நான் வேலைக்குப் போவேன். முந்தின நாளே சொல்லணும்னியே, இதோ சொல்லிட்டேன். இப்பவே போனப் போடு."

போட்டார். மறுநாள் வண்டி வந்தது. அதற்கடுத்த நாளும் வந்தது. ஊழியர் இப்போதெல்லாம் பல்லை மறைக்காமலே பேசுகிறார். இரவில் பல்லுக்கு மாட்டிக்கொள்ளப் பல்லக்கா ஓர் உறை செய்து கொடுத்திருக்கிறாராம்.

மழை கொட்டிய ஒரு காலையில் பஸ் நிரம்பிவிட்டது. கதவு மூடிக் கிளம்பியபின் நடைபாதையில் ஒருவர் மிச்சம் நின்றார். பெட்டியைத் தலைக்குப் பிடித்திருந்தாலும் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. காப்பீட்டு முகவர். தன் வண்டி அவரைக் கடந்தபோது பல்லக்கா உள்ளிருந்து சன்னலை விரலால் தட்டினார்.

"நிறுத்துங்க தம்பி."

"இது உங்க ஒருத்தருக்குன்னு அனுப்புன வண்டிம்மா" என்றார் ஓட்டுநர்.

"எனக்குன்னா, அப்ப நான் சொல்றதக் கேளுங்க."

முகவர் தண்ணீர் சொட்டச் சொட்ட ஏறினார். பல்லக்காவைப் பார்த்ததும் அவர் முகம் ஒரு மாதிரியாகிவிட்டது. "அன்னிக்கு நான்..." என்று தொடங்கினார்.

"கால உள்ள இழுங்க சார், கதவு மூடணும்."

பல்லக்கா நாற்காலியின் பிரேக்கை விடுவித்து, அவர் முழங்கால் இடிக்காமல் உட்கார, அதை ஒரு சாண் பின்னால் உருட்டிக்கொண்டார்.