ஒரே வீட்டுச் சாப்பாடு

"நீயும் இதே வீட்டுச் சாப்பாடுதானே சாப்பிடறே? உனக்கெப்படி சர்க்கரை வந்துச்சு?"

என் ரத்தப் பரிசோதனைக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு கணவர் கேட்டார். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார். அதுதான் எனக்குக் கொதித்தது.

இதே வீடாம். போன வருஷம் அவர் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்ததிலிருந்து பிழைக்க வந்த தாபோடி ஊரில் எங்கள் வீட்டில் அடுப்பு ஒன்று, தட்டு இரண்டு. "நாங்க சுத்த சைவம்" என்று டாக்டரம்மாவிடம் பெருமையடித்தார். "சைவம் சரி, காய் எங்கே?" என்று அந்தம்மா இந்தியில் திருப்பிக் கேட்டார். எங்கே இருந்தது? சோற்று மலையோரம் தொட்டுக்க ஒரு கரண்டி உருளைக்கிழங்கு. நெஞ்சுக்கும் சர்க்கரைக்கும் கொடுத்த மாத்திரையை விடாதீங்க, தட்டில் பாதி காயாக இருக்கட்டும். நார்ச்சத்து சேர்ந்தால் சர்க்கரை மெதுவாக ஏறும், கெட்ட கொழுப்பும் குறையும் என்றார்.

"அண்ணி, அண்ணனுக்குக் காய் நிறையப் போடுங்க," என்று போனில் நாத்தனார். அண்ணனுக்கு!

போட்டேன். கொத்தவரை, சுரை, பீர்க்கை, வெந்தயக்கீரை. ஆய்ந்தேன், அரிந்தேன், வதக்கினேன். அவர் தட்டு பச்சையாயிற்று. அவர் குறைத்த சோறு பானையிலேயே கிடந்தது. சோற்றை வீணாக்கலாமா? அடுப்படியில் நின்றபடியே ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு நான் விழுங்கினேன். வாணலியில் ஒட்டியிருந்த பொரியல் என் பங்கு. அவருக்குச் சர்க்கரை இறங்கியது, கொழுப்பு இறங்கியது. வீட்டில் நல்ல கவனிப்பு என்று பாராட்டு வேறு. இறங்கியதெல்லாம் எங்கே போய் ஏறியது என்று இப்போது அவர் கையிலிருக்கிற காகிதம் சொல்கிறது, அதைப் படித்துவிட்டு என்னையே கேட்கிறார்!

வாணலியைத் தூக்கிவந்தேன். கொத்தவரைப் பொரியல் முழுவதையும் என் தட்டில் கொட்டிக்கொண்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தேன்.

"எனக்கு?"

"கூடையில பீர்க்கங்காய் இருக்கு. கத்தி பக்கத்துலயே இருக்கு."

"நானா?"

"உங்க நெஞ்சுதானே?"

"இப்படிக் கத்தினா பிரஷரும் வரும் உனக்கு."

"வரட்டும். நீங்க தோலைச் சீவுங்க."

சீவினார். விரல் தடிமனுக்கு நறுக்கினார். உப்பை மறந்தார். வெந்தும் வேகாததுமாகக் கொண்டுவந்து, என் முகத்தைப் பார்க்காமல், முதல் கரண்டியை என் தட்டில் போட்டார்.

மென்றேன். கோபம் ஒரு இழைகூடக் குறையவில்லை.

"நாளைக்கு வெந்தயக்கீரை," என்றேன். "உட்கார்ந்து ஆயணும். மண்ணு போக அலசணும்."