கை நடுங்குது என்று சொன்னதற்காக இரண்டு நாள் பயணம்

இந்தப் பக்கத்தில் இதுவரை கோயில் பயணங்களை மட்டும்தான் எழுதியிருக்கிறேன். இது கோயில் பயணம் இல்லை. இந்த 2007 கார்த்திகையில், மழை விட்ட நான்காம் நாள், கோவில்பட்டியிலிருந்து விளாத்திகுளம் பக்கம் ஒரு கிராமத்துக்கு மன்னிப்புக் கேட்கத் தனியாகப் போனேன். ஊர்ப்பெயரைச் சொல்லவில்லை. பெண்ணின் பெயரையும் செல்வி என்று மாற்றியிருக்கிறேன்.

ஐப்பசியில் என் கொழுந்தனாருக்குப் பெண் பார்க்க வேன் பிடித்து அங்கே போயிருந்தோம். எங்கள் வீட்டில் பெண்ணைப் பாடச் சொல்லும் வழக்கம் கிடையாது. சாமி விளக்கை ஏற்றச் சொல்வோம். மூத்த மருமகள் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். நான்தான் நின்றேன். செல்வி இரண்டு தீக்குச்சியை ஒடித்துவிட்டு மூன்றாவதில் ஏற்றினாள்.

"பிள்ளைக்குப் படபடப்பா இருக்கு மதினி, இதான் மொதத் தடவ" என்றார் அவள் அம்மா.

வீட்டுக்கு வந்ததும் என் மாமியார், பெண் எப்படி என்று கேட்டார். "எல்லாம் சரிதான் அத்தை, கைதான் நடுங்குது" என்றேன்.

படபடப்பு என்றே சொல்லியிருக்கலாம். பயந்துட்டா, பதறிட்டா, கூச்சப்படுதா, எதைச் சொல்லியிருந்தாலும் மாமியார் சிரித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பார். அவையெல்லாம் அந்த நேரத்தோடு போகிறவை. பெண் பார்த்து வந்த வீட்டில் 'கை நடுங்குது' என்றால் அது உடம்போடு இருப்பது. தெரிந்தேதான் சொன்னேன். சம்பந்தம் நின்றது.

ஒரு மாதம் கழித்துத் தரகர் வந்தார். "அந்தப் பிள்ளைக்கு வலிப்பாம்லா? ஓட்டப்பிடாரத்துக்காரவிய ஞாயித்துக்கெழம பாக்கப் போறதா இருந்தாவ. இப்ப யோசிக்காவ" என்றார். அன்று செண்பகவல்லி அம்மன் முன்னால் நின்று அழுதேன். அழுதுவிட்டு வெளியே வந்தபோதுதான், அம்மனா ஓட்டப்பிடாரம் போய்ச் சொல்வாள் என்று தோன்றியது.

வியாழன் காலை 8.40 பேருந்து, எட்டயபுரம் வழி. பன்னிரண்டு ரூபாய், ஒரு மணி பத்து நிமிடம். வீட்டில் கோயிலுக்கு என்று சொல்லியிருந்தேன். விளாத்திகுளத்தில் இறங்கி மினி பஸ், ஒன்பது கிலோமீட்டர், நான்கு ரூபாய். முன்சீட்டுக் கம்பியை இறுகப் பிடித்திருந்த என்னை ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்தார்.

"ஏக்கா, அந்தக் கம்பிய விட்டுருங்க. ஓனர் எண்ணி வச்சிருக்காரு."

"கொஞ்சம் பதட்டமா இருக்கு தம்பி."

"இதுக்குப் போயா? லைசென்சுக்கு எட்டுப் போடச் சொன்னப்ப எனக்குக் காலு ரெண்டும் தந்தியடிச்சிட்டு. பிரேக்குக்குப் பதிலா ஹாரன அமுக்குனேன்."

"இப்பவும் அப்படித்தானலே ஓட்டுத!" என்றார் பின்னால் இருந்த ஒரு பெரியம்மா. பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன், பாதியில் நின்றுவிட்டது. அவர் கால் தந்தியடித்ததை யாரும் நோய் என்று சொல்லவில்லை. லைசென்சும் கொடுத்திருக்கிறார்கள்.

அங்கிருந்து ஒன்றரை கிலோமீட்டர் கரிசல் பாதை. செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். பத்தடிக்கு ஒரு தடவை, காலில் அப்பிய மண்ணைக் குச்சியால் வழித்தால்தான் அடுத்த அடி வைக்க முடியும். முப்பத்தைந்து நிமிடம் ஆனது.

செல்வியின் அம்மா "வாங்க" என்றார். மதினி என்று சொல்லவில்லை. தண்ணீர் கொடுத்தார். வாங்கும்போது செம்பு என் கையில் ஆடி, சேலையெல்லாம் கொட்டியது. அவரும் செல்வியும் பார்த்தார்கள்.

"நான்தான் அப்படிச் சொன்னது. என்னை மன்னிச்சிருங்க" என்றேன்.

"எதுக்குச் சொன்னிய?" என்றார் அம்மா.

"தெரியாமச் சொல்லிட்டேன்." மன்னிப்புக் கேட்கப் போன இடத்திலும் பொய்.

செல்வி கதவோரம் நின்றிருந்தாள். "எனக்கு வலிப்பு இல்லன்னு எனக்குத் தெரியாதா? எங்கிட்ட வந்து எதுக்குச் சொல்லுதிய? ஓட்டப்பிடாரத்துல போய்ச் சொல்லுங்க" என்றாள்.

அவள் சொன்னது சரி. தரகரிடம் முகவரி வாங்கிக்கொண்டு, மறுநாள் 9.15 பேருந்தில், பசுவந்தனை வழியாகப் போனேன். பதினோரு ரூபாய், ஒரு மணி இருபது நிமிடம். வழியெல்லாம் மழை குடித்த கறுத்த நிலம், முழங்கால் உயரக் கம்பு. எதுவும் மனதில் நிற்கவில்லை. மாப்பிள்ளையின் அம்மா நான் சொன்னதை முழுதாகக் கேட்டார்.

"அன்னைக்குச் சொன்னது பொய்னா, இன்னைக்குச் சொல்லுதது மட்டும் நெசம்னு எப்படி நம்ப?"

இந்தத் தடவை நாக்கில் வந்ததை விழுங்க முடியவில்லை. "அவ பி.ஏ. முடிச்சவம்மா. நான் எட்டாங்கிளாசு. எங்க வீட்டுல ஒரு கடுதாசி வந்தாலும், கணக்குப் பாக்கணும்னாலும் இதுவரைக்கும் என்னையத்தான் கூப்பிடுதாவ. அவ வந்துட்டா அவளத்தான கூப்பிடுவாவ? அதான் அப்படிச் சொன்னேன்."

அவர் உள்ளே திரும்பி, "ஏங்க, ஞாயித்துக்கெழமைக்கு வேன் சொல்லிருங்க" என்றார். எனக்குக் காப்பி தரவில்லை. எழுந்து வந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் போய்ப் பார்த்தார்கள் என்று தரகர் சொன்னார். பிடித்ததா என்று நான் கேட்கவில்லை.

அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு: மதியம் ஒன்றரை முதல் நான்கு வரை மினி பஸ் கிடையாது. மழை விட்டு ஒரு வாரம் கழித்துப் போவது நல்லது. என்னுடையதைப் போன்ற காரியமாகப் போகிறவர்கள் மட்டும் பாதை காயட்டும் என்று காத்திருக்க வேண்டாம். யார் காதில் போட்டீர்களோ, முதலில் அங்கே போங்கள்.

நான் முதலில் போட்டது என் மாமியார் காதில். அவரிடம் இன்னும் சொல்லவில்லை. நான் இதை எழுதும் மகளின் கணினியிலிருந்து அவர் உட்கார்ந்திருக்கும் இடம் பன்னிரண்டு அடி இருக்கும். எனக்கு நெஞ்சு திக்குத்திக்கென்று அடிக்கிறது. எழுந்து போகிறேன்.