ஆசீர்வாதம் வாய் திறந்த நாள்

பள்ளிவாசல் என்ற மலையூருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே பறித்த கொழுந்து மூட்டைகளை மலையிலிருந்து ஆலைக்குக் கம்பியில் மாட்டி அனுப்புவார்கள். மேட்டில் நிற்பவன் மூட்டையைத் தள்ளிவிட்டதும் கம்பியில் காதை வைப்பான். உறுமல் அடங்கினால் மூட்டை கீழே சேர்ந்துவிட்டது, அடுத்ததை மாட்டலாம். எழுபத்து நான்காம் ஆண்டு மழையில், ஆசீர்வாதம் அப்படிக் காதை வைத்திருந்தபோதுதான் கம்பி பிரி பிரியாக விட்டது. கூட நின்ற மிக்கேல் அதைக் கண்டு அவனைப் பிடித்துத் தள்ளினான். சாட்டையாகச் சுழன்று வந்த கம்பி மிக்கேலை அடித்துப் போட்டது.

கம்பி துருவேறிக் கிடப்பதை இருவரும் முன்பே கங்காணி நல்லமுத்துவிடம் சொல்லியிருந்தார்கள். நிர்வாகமோ, மிக்கேல் குடித்துவிட்டுக் கம்பியில் தொங்கினான் என்றது. செத்தவன்மீது பழி போடுவதைப் போல மலிவான வேலை உலகத்தில் வேறில்லை. அவன் எழுந்து வந்து மறுக்கமாட்டான். குற்றம் அவனுடையது என்று விசாரணையில் முடிவானால், அவன் மனைவி சவேரியம்மாள் வெறுங்கையோடு, தோட்டம் கொடுத்திருந்த லயத்து அறையை விட்டு இறங்க வேண்டும். கண்ணால் கண்டவன் ஆசீர்வாதம் ஒருவன்தான்.

அவனைப் பயம் பிடித்தது. வேலை போனால் வீடும் சேர்ந்து போகும். லயத்து வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்டால் சோற்றை விழுங்க முடியாமல் உட்கார்ந்திருப்பான். ஒரு நாள் தேயிலைச் செடிகளுக்கு நடுவே நல்லமுத்து மறித்தான்.

"ஏலே, மழையில ஒண்ணும் தெரியலன்னு சொல்லிட்டுப் போ. ஒம் பொண்டாட்டியும் இங்கதான கொளுந்து எடுக்கா? மலையிறங்கிப் போனா ஊர்ல ஒனக்கு என்னல இருக்கு, கள்ளிச்செடியா?"

ஆசீர்வாதம் செடிகளை விலக்கிக்கொண்டு நடந்தான். தவக்காலம் வந்தது. தனக்காகச் செத்தவனுக்கு வேறு விதமாகக் கைம்மாறு செய்யப் பார்த்தான். கறியை விட்டான், செருப்பை விட்டான். பெரிய வெள்ளியன்று சிலுவைப் பாதையில் மரச்சிலுவையைத் தானே உச்சிவரை சுமப்பதாக நேர்ந்துகொண்டான். உடம்பை வதைத்தால் கடன் தீரும் என்று ஏழைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர் யாராயினும், அவர் தோட்ட முதலாளிகளுக்குப் பெரிய உபகாரம் செய்திருக்கிறார்.

அன்று தோள் கிழிந்து ரத்தம் சட்டையில் ஒட்டியது. ஊரே அவனைப் பார்த்துக் கண் கலங்கியது. உச்சியில் சிலுவையை இறக்கிவைத்தவனிடம் சவேரியம்மாள் வந்தாள்.

"நல்லாத்தான் சுமக்க தம்பி. இந்த மரம் ஒன்னய ஒண்ணுங் கேக்காதுல்லா."

"மதினி, எனக்குப் பயமா இருக்கு."

"எனக்கு மட்டும் இல்லியா? ஆண்டவரு செத்தது நாம தெனம் பயந்து சாகவா? எம் புருசன் ஒனக்கு உசுரக் குடுத்துட்டுப் போனாரு. நீ அத மடிச்சுப் பெட்டியில வச்சிருக்க. எடுத்து உடுத்துய்யா!"

இந்தக் கதையைச் சொல்லும் எனக்குக் கடவுள் கிடையாது. ஆனால் எந்தப் பிரசங்கத்திலும் நான் இவ்வளவு நேர்மையான பேச்சைக் கேட்டதில்லை.

ஈஸ்டர் முடிந்து தோட்டத்து ஆபீசில் விசாரணை நடந்தது. விசாரிக்க வந்த அரசு அதிகாரிக்குப் பக்கத்திலேயே, தோட்டத்தை நடத்தும் துரை நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வாசலை அடைத்துக்கொண்டு நல்லமுத்து நின்றான். ஆசீர்வாதம் அவர்கள் முன்னால் போய் நின்றான்.

"மிக்கேல் குடிச்சிருந்தானா?" என்று அதிகாரி கேட்டார்.

துரை பைப்பைத் தட்டினார். அந்தச் சத்தத்துக்கே அவன் உடம்பு ஒருமுறை தூக்கிப் போட்டது.

"இல்லய்யா," என்றான். "கம்பி இத்துப்போயிருந்துச்சு. கங்காணிகிட்ட ரெண்டு பேருந்தான் சொன்னோம். தொரைக்கும் தெரியும். அவன் என்னயத் தள்ளாட்டி நாந்தான் செத்திருப்பேன்."

வெளியே வந்து வேலியோரம் வாந்தி எடுத்தான்.

பழி மிக்கேலை விட்டு விலகியது. சவேரியம்மாளுக்கு நட்டஈடு உண்டென்றும், லயத்து அறை அவளுக்கே என்றும் தீர்ப்பானது. மறுவாரம் தோட்டம் வேறு ஏதோ காரணம் சொல்லி ஆசீர்வாதத்தை நிறுத்தியது. அறையைக் காலி செய்யச் சொன்னது. தொழிற்சங்கம் அவனுக்காக வழக்குப் போட்டது. அது வருடக்கணக்கில் இழுத்தது.

அவன் மலையிறங்கவில்லை. நல்லமுத்து முறைத்துக்கொண்டு நிற்க, மனைவியோடு பாத்திரங்களைச் சவேரியம்மாளின் அறைக்குத் தூக்கிப் போனான். வாசற்படியில் இடித்துப் பானை சாய்ந்தது.

"ஒடச்சிராத தம்பி," என்று சவேரியம்மாள் உள்ளிருந்து குரல் கொடுத்தாள். "எம் பான போன மாசமே ஓட்டையாயிப்போச்சு. நம்ம எல்லாருக்கும் இனி ஒம் பான ஒண்ணுதான்."