நாளுக்கு ஒரு மில்லிமீட்டர்

பஸ் டிரைவர் தன் இருக்கையில் உட்கார்ந்தால் வெளியே நிற்பவர்களுக்கு அவருடைய நெற்றியும் ஸ்டியரிங்கைப் பிடித்த இரண்டு கைகளும் மட்டும்தான் தெரியும். அதனால் வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே வீட்டிலிருந்து ஒரு தலையணையைக் கொண்டுபோய் இருக்கையில் போட்டுக்கொண்டார். அன்றோடு பணிமனையில் அவருடைய சொந்தப் பெயர் போயிற்று. "தலையணை வண்டிய எடுத்தாச்சா?" "இன்னிக்கு தலையணைக்கு எந்த ரூட்டு?" என்று மேலாளர் முதல் மெக்கானிக் வரை வாய் நிறையக் கூப்பிட்டார்கள். அவரும் சளைக்காமல், "தலையணை ரெடி, தூங்கறவங்க எல்லாம் ஏறுங்க" என்று திருப்பிக் கொடுப்பார். ஓய்வு பெறும் வரைக்கும் அதற்காக அவர் முகம் சுளித்து யாரும் பார்த்ததில்லை.

மனைவி அவரைவிட அரைத் தலை உயரம். கல்யாணத்தன்று படம் எடுக்க வந்தவர் மாப்பிள்ளையின் காலடியில் ஒரு பலகையை நைசாக நகர்த்தி வைத்தார். மணப்பெண் குனியக்கூட இல்லை. காலாலேயே அதை ஓரம் தள்ளிவிட்டு, "இருக்கிறபடியே எடுங்க" என்றாள். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டே டிரைவர் பாதி வாழ்க்கையை ஓட்டிவிட்டார் என்று சொல்லலாம்.

மூத்தவள் அம்மாவைக் கொண்டு பிறந்தாள். கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கிறாள். இளையவன் அப்பாவை உரித்து வைத்தவன். மூக்கு, நடை, தலையைச் சாய்த்துப் பேச்சைக் கேட்கும் விதம், உயரம், எல்லாமே அவர்தான். "அச்சுல வார்த்த மாதிரி இருக்கானே!" என்று யாராவது சொன்னால் டிரைவருக்கு வயிறு குளிரும். அதைக் கேட்கும் பையனுக்கு என்ன செய்யும் என்று அவர் யோசித்ததே கிடையாது.

பையன் ஒரு ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுப்பவன். நெஞ்சைப் படம் எடுக்க வருகிறவர்களை நிற்கவைத்து எடுக்கவேண்டும். வந்தவர் நெடுநெடுவென்று இருந்துவிட்டால், கருவியின் தலையைச் சரிசெய்ய அவன் ஒரு முக்காலியின்மேல் ஏறியாக வேண்டும். ஏறும்போது சிலர் சிரிப்பார்கள். சிலர் அவன் அறைக்குள் நுழைந்ததும், "தம்பி, படம் எடுக்கறவர் எப்ப வருவாரு?" என்று கேட்பார்கள். அவன் கதிரைத் தடுக்கும் ஈயக் கவசத்தை மாட்டிக்கொள்வான். வீட்டில் இதையெல்லாம் சொல்லமாட்டான். முப்பதைத் தாண்டிய பிறகும் கல்யாணப் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவான். கூச்சம் என்று அம்மா நினைத்தாள்.

ஒரு விடுமுறை நாள் காலையில், மூவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது உயரம் கூட்டிக்கொள்ளும் அறுவை செய்துகொள்ளப்போவதாக அவன் சொன்னான். இரண்டு முழங்காலுக்குக் கீழேயும் எலும்பை வெட்டி, வெளியே இரும்பு வளையங்களைப் பொருத்தி, திருகைத் திருப்பித் திருப்பி எலும்பை விலக்குவார்கள். விலகிய இடத்தில் புது எலும்பு வளரும். நாளுக்கு ஒரு மில்லிமீட்டர். டாக்டரைப் பார்த்துப் பேசிவிட்டான். சேமிப்பும் தயார்.

அம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "நல்லா இருக்கற காலை உடைச்சிக்கப் போறியா? உனக்கு என்ன பைத்தியமா?"

"உடைக்கறது இல்லம்மா. வெட்டறது."

"ரெண்டும் ஒண்ணுதான்டா! நான் உங்கப்பாவ உயரம் பார்த்தா கட்டிக்கிட்டேன்?"

"நீங்க பார்க்கலம்மா. மத்தவங்க எல்லாம் பார்க்கறாங்க."

டிரைவர் நிதானமாகக் கேட்டார். "எவ்வளவு வரும்?"

"ஆறு, ஆறரை சென்டிமீட்டர்."

அவர் கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்து மேசை ஓரத்தில் வைத்துப் பார்த்தார். "இதுக்கா?"

"உங்களுக்கு அது 'இதுக்கா'. எனக்கு அது..." பையன் முடிக்கவில்லை. வேறொன்றைச் சொன்னான். "சின்ன வயசுல லீவு நாள்ல உங்க பஸ்ல முன் சீட்ல உக்கார வச்சி கூட்டிட்டுப் போவீங்க. எல்லாரும் தலையணை, தலையணைன்னு கூப்பிடுவாங்க. நீங்க சிரிப்பீங்க. எனக்கு இறங்கி ஓடிடலாம் போல இருக்கும். உங்கள மாதிரி சிரிச்சிட்டே போக எனக்கு வரலப்பா."

டிரைவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினார். பையனின் காலைத்தான் வெட்டப்போகிறார்கள். ஆனாலும் தன்னிடமிருந்து போன ஒன்றை வேண்டாம் என்று அவன் திருப்பிக் கொடுப்பதுபோல அவருக்கு இருந்தது. கோபம் வரவில்லை. கோபப்பட யாராவது தப்பு செய்திருக்க வேண்டுமே.

மருத்துவமனைக்கு அவரும் கூடப் போனார். டாக்டர் ஒளிவுமறைவு இல்லாதவர். கிருமி தொற்றலாம், எலும்பு கூடாமல் போகலாம், நரம்பு இழுபட்டுப் பாதம் மரத்துப்போகலாம், முன்போல ஓட முடியாமல் போகலாம் என்று எல்லாவற்றையும் அடுக்கிவிட்டு, மனநல ஆலோசகரிடமும் அனுப்பி வைத்தார். கடைசியில் டிரைவரைப் பார்த்து, "உங்களுக்கு இதுல சம்மதமா?" என்று கேட்டார்.

"அவன் காலு. என் சம்மதம் எதுக்குங்க? வலிக்கும்போது பக்கத்துல இருப்பேன். அவ்வளவுதான்."

அறுவை முடிந்து வீட்டுக்கு வந்தவனைப் பார்த்து அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு கெண்டைக்கால்களையும் சுற்றி வளையங்கள், வளையத்திலிருந்து தோலைத் துளைத்து எலும்புக்குள் போகும் கம்பிகள். போர்வை போர்த்தினால் கூடாரம் அடித்ததுபோலத் தூக்கிக்கொண்டு நிற்கும். அவளால் அந்தப் பக்கம் திரும்பவே முடியவில்லை. சமைத்துக் கொண்டுவந்து வைப்பாள், முகத்தை மட்டும் பார்த்துப் பேசுவாள், போய்விடுவாள்.

திருகுகிற வேலை டிரைவரிடம் வந்தது. தானே செய்துகொள்வதாகத்தான் பையன் இருந்தான். ஆனால் குனிந்து வைத்த ஸ்பேனர் திருகில் பிடிக்காமல் இரண்டு தடவை நழுவி விழுந்தது. "குடு இப்படி" என்று அவர் வாங்கிக்கொண்டார். ஒரு தடவைக்குக் கால்வாசிச் சுற்று, அதற்கு மேல் ஒரு மயிரிழை கூடாது. ஒரு நாளில் நான்கு தடவை. வாழ்நாள் முழுக்கப் பெரிய ஸ்டியரிங்கைச் சுழற்றிய கைகள், சுண்டுவிரல் அளவு ஸ்பேனரைப் பிடித்துக்கொண்டு மெல்லத் திருப்பின. திருப்பும்போது வலி தெரியாது. அப்புறம்தான் சதையும் நரம்பும் எலும்பைத் துரத்திக்கொண்டு நீளத் தொடங்கும். பையன் தலையணையைக் கடித்துக்கொண்டு கிடப்பான். கம்பி நுழையும் இடங்களை அவர் தினமும் மருந்து நீரால் துடைத்து, புண் சிவந்திருக்கிறதா என்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்ப்பார். பாதம் குதிகால் தூக்கியபடி இறுகிவிடாமல் இருக்க, உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கும் பெண் வந்து விரல்களை மேல்நோக்கி மடக்குவாள். அந்த நேரத்தில் மட்டும் டிரைவர் மாடிப்படியில் போய் நின்றுகொள்வார்.

ஒரு நாள் புண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தபோது பையன் கேட்டான். "உங்களுக்கு நெசமாவே ஒண்ணும் தோணினதில்லையாப்பா?"

டிரைவர் பஞ்சை மாற்றினார். "வெளியூர் போற பெரிய வண்டி ஓட்டணும்னு எனக்கு ரொம்ப ஆசை. கேட்டுப் பார்த்தேன். வண்டியப் பார்த்தா டிரைவரே இல்லாம வர்ற மாதிரி இருக்கும், ஜனங்க பயந்துடுவாங்கன்னு மேலாளர் சொன்னாரு. ரூமே சிரிச்சிச்சு. நானும் சிரிச்சேன். அப்புறம் கழிப்பறைக்குள்ள போய்க் கொஞ்ச நேரம் நின்னுட்டு வந்து டவுன் பஸ்ஸ எடுத்தேன்."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"யாருக்கும் தெரியாது. சிரிக்கலைன்னா அடுத்த நாள் போய் அங்க எப்படி வண்டி எடுக்கறது? எனக்குத் தெரிஞ்ச வழி அது ஒண்ணுதான். வலிக்கலைன்னு நீயா நினைச்சிட்டே."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமேப்பா" என்றான் பையன். சொல்லியிருந்தால் அவன் இந்தக் கட்டிலில் கிடந்திருக்கமாட்டானா என்று டிரைவர் தனக்குள் கேட்டுப் பார்த்தார். பஞ்சை நனைத்துக்கொண்டு அடுத்த கம்பிக்குப் போனார்.

நாலு சென்டிமீட்டரைத் தாண்டிய சமயத்தில் வலது பாதத்தின் மேல்புறம் மரத்துப்போனது. ஊசியால் தொட்டால் தெரியவில்லை. டாக்டரைத் தொலைபேசியில் பிடித்தபோது, திருப்புவதை உடனே நிறுத்துங்கள், நாளைக்குக் கூட்டி வாருங்கள், பார்த்துச் சொல்கிறேன் என்றார்.

"ஒரு நாளும் விடக்கூடாதுப்பா. விட்டா எலும்பு கூடிடும். அப்புறம் நீட்டவே முடியாது. திருப்புங்க."

"டாக்டர் வேணாம்னுட்டாரு."

"இன்னும் ரெண்டு சென்டிமீட்டர்தான். இவ்வளவு பட்டாச்சு, பாதியில விடறதா? திருப்புங்கப்பா."

"மாட்டேன்."

"அப்ப ஸ்பேனரக் குடுங்க."

டிரைவர் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். பின்னால் ஏதோ விழுந்த சத்தம் கேட்டுத் திரும்பினால், பையன் கட்டிலிலிருந்து தவழ்ந்து இறங்கப் பார்த்து, வளையம் தரையில் இடித்து, வலியில் வாயைத் திறந்தபடி சத்தம் வராமல் கிடந்தான். மகனைத் தூக்கி மேலே போட்டார். அவனுடைய கண்களைப் பார்த்தார். பையிலிருந்து ஸ்பேனரை எடுத்து, அவன் கைக்கு எட்டுகிற மாதிரி மெத்தையில் வைத்துவிட்டு வெளியே போனார். பின்னாளில் அதை நினைத்து அவர் பலமுறை குமைந்ததுண்டு. ஆனால் அந்த நேரத்தில், முப்பதைத் தாண்டிய மனிதனின் கையைக் கட்டிப்போட அவரால் முடியவில்லை.

பையன் இரண்டு காலிலும் தானே திருப்பினான். மறுநாள் மருத்துவமனையில், "பாதத்த மேல தூக்கு" என்று டாக்டர் சொன்னார். இடது பாதம் எழுந்தது. வலது பாதம் அப்படியே தொங்கியது. தன் பாதத்தை, வேறு யாருடையதோ என்பதுபோல அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். அந்த ஒரு நாள் திருப்பியதால்தானா, இல்லாவிட்டாலும் அப்படி ஆகியிருக்குமா என்று டாக்டராலும் சொல்ல முடியவில்லை. நீட்டியதில் கொஞ்சத்தை அவர் இரண்டு காலிலும் பின்னோக்கித் திருப்பித் தளர்த்தினார். "இதோட போதும்" என்றார்.

எலும்பு முற்றும் வரை மாதக்கணக்கில் வளையங்கள் இருந்தன. ஒவ்வொரு படம் எடுக்கும்போதும் அவனுடைய வேலைக் கூட்டாளிதான் கருவியை நகர்த்துவார். இவன் மேசைமேல் படுத்திருப்பான். முதலில் வெறும் இடைவெளியாக இருந்த இடத்தில் புகை படிந்ததுபோல ஒன்று தெரிந்தது. பிறகு அது வெளுத்துக் கெட்டியாயிற்று. அந்தப் படங்களை மட்டும் அவன் கண் இமைக்காமல் பார்ப்பான்.

வளையங்களைக் கழற்றியபின் நாலு சென்டிமீட்டர் மிஞ்சியது. வலது பாதம் மெல்ல மெல்லப் பாதி உயிர் பெற்றது, மீதி வரவில்லை. ஷூவுக்குள், பாதம் தொங்காமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் தாங்கியைப் போட்டுக்கொண்டு அவன் மறுபடி வேலைக்குப் போனான். அதிக நேரம் நின்றால் கணுக்கால் வீங்கிவிடும். பேருந்து புறப்பட்டுவிட்டால் ஓடிப்போய் ஏற முடியாது, அடுத்ததற்காக நிற்பான்.

இரண்டு வருடம் கழித்து ஒரு மாலை, ஓட்டல் ஒன்றில் வரவேற்பில் வேலை பார்க்கும் ஒருவர் முகவரி விசாரித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அவரும் குட்டையானவர்தான். அறுவை செய்துகொள்ள நினைப்பதாகவும், செய்துகொண்டவரை நேரில் பார்த்துக் கேட்க வந்ததாகவும் சொன்னார். பையன் வர நேரமிருந்தது. டிரைவர் அவரை உட்காரவைத்தார்.

"வலிக்குமா சார்?"

"வலிக்கும். எப்படின்னு சொல்ல எனக்குத் தெரியாது. பக்கத்துல இருந்தவன் நான். எனக்கே தாங்கல."

படியில் இழுத்து வைக்கும் காலடிச் சத்தம் கேட்டது. பையன் வந்தான். விஷயத்தைக் கேட்டதும் நாற்காலியில் உட்கார்ந்து, கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டினான். கம்பி போன இடமெல்லாம் அம்மைத் தழும்பு மாதிரிப் பள்ளம் பள்ளமாக இருந்தது. வந்தவர் பார்த்தார். பார்த்துவிட்டு வெளிப்படையாகக் கேட்டார்.

"இவ்வளவுக்கும் அது தகுமா?"

சமையலறை வாசலில் அம்மா வந்து நின்றாள். இந்தக் கேள்வியை அந்த வீட்டில் இதுவரை யாரும் வாய்விட்டுக் கேட்டதில்லை.

"ஒரு ரூமுக்குள்ள நுழைஞ்சா, இங்க என்னை விடக் குட்டை யாராவது இருக்காங்களான்னு முதல்ல பார்ப்பேன்" என்றான் பையன். "இப்ப பார்க்கறதில்ல. அது போயிடுச்சு. பொய் சொல்ல மாட்டேன், அது பெரிய நிம்மதி. ஆனா இப்ப நுழைஞ்ச உடனே உக்கார இடம் இருக்கான்னு பார்க்கறேன். கால் வலிக்குமே. முன்ன மழை வந்தா ஓடுவேன். இப்ப நனைவேன்."

"மறுபடி ஒரு வாய்ப்பு குடுத்தா?"

பையன் அப்பாவைப் பார்த்தான். "மாட்டேன். எனக்குக் குறைஞ்சது அந்த நாலு சென்டிமீட்டர் இல்ல. வலிக்குதுன்னு யார்கிட்டயாவது வாயைத் திறந்து பேசியிருக்கணும். அது தெரிய எனக்கு இவ்வளவு ஆச்சு. உங்களுக்கு எப்படியோ, எனக்குத் தெரியாது. ஆனா முதல்ல வீட்டுல பேசுங்க."

வந்தவர் தலையாட்டினார். நம்பினாரா என்று தெரியவில்லை. விடைபெற இருவரும் எழுந்து நின்றபோது, தன்னையறியாமல் பையனின் தலைமட்டத்தையும் தன் தலைமட்டத்தையும் அவர் கண்ணாலேயே அளந்ததை டிரைவர் கவனித்தார். அவர் பிறகு என்ன செய்தார் என்று இவர்களுக்குத் தகவல் இல்லை.

அவர் போனபின் பையன் தாங்கியைக் கழற்றினான். கணுக்கால் வீங்கியிருந்தது. அம்மா வெந்நீர் கொண்டுவந்து கீழே வைத்து, முதன்முதலாக அந்தக் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். தழும்புகளின்மேல் மெதுவாக விரலை ஓட்டினாள்.

"இங்க வலிக்குதாடா?"

"அங்க இல்லம்மா. இன்னும் கொஞ்சம் கீழ."